தம்பூன் மலைச்சுவரில் செங்காவி ஓவியங்கள்

தைப்பூச நாளில் புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து காவடியும் பாற்குடமும் ஏந்திப் புறப்படும் அன்பர்கள், குனோங் சீரோவின் அடிவாரத்திலுள்ள கல்லுமலைச் சுப்பிரமணியர் திருக்கோயிலை நெருங்கும்போது, வெயிலிற் காய்ந்து வந்த தலைமேல் குளிர்ந்த நிழல் ஒன்று கவிவதை உணர்வார்கள். அது மலையின் நிழல். செங்குத்தாக எழுந்து, மேலே முன்வளைந்து, அடியிற் குடைவுபட்டு நிற்கும் சுண்ணாம்புக்கல் மலை அது. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று கேட்டு வளர்ந்த தமிழ் மக்கள், கடல் கடந்து வந்த ஊரில் இப்படியொரு மலையைக் கண்டதும் அங்கே வேலை நட்டு வழிபட்டதில் வியப்பொன்றும் இல்லை. சீனரும் இம்மலைகளின் குகைகளையே தேடித் தம் கோயில்களை அமைத்துக்கொண்டனர்.

ஆயினும் இந்தக் கல்லை முதலிற் கண்டு அதில் மனம் பதித்தவர்கள் தமிழரும் அல்லர், சீனரும் அல்லர். ஈப்போ நகருக்குக் கிழக்கே சில கல் தொலைவில் தம்பூன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதனை அடுத்த குனோங் பாஞ்சாங் மலையின் ஒரு சுவரில், எழுத்தறியாக் காலத்து மக்கள் செங்காவியால் தீட்டிய உருவங்கள் அறுநூறுக்கு மேல் உள்ளன. மானும் பன்றியும் ஆமையும் மனிதரும், இன்னதென்று சொல்ல முடியாத கோட்டுருவங்களும் அங்கே கலந்து கிடக்கின்றன. மலேசியத் தீபகற்பத்தில் இதுகாறும் அறியப்பட்ட பாறை ஓவிய இடங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று இது.

தம்பூன் என்றவுடன் பேராக் மக்களுக்கு நினைவுக்கு வருவது பம்பளிமாசுப் பழம். அதை விட்டால் வெந்நீர் ஊற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கேளிக்கைப் பூங்காவைப் பிள்ளைகள் அறிவார்கள். முதியோர் சிலர், ஒருகாலத்தில் லியோங் ஃபீ என்னும் சீனச் செல்வருக்குப் பெருஞ்செல்வம் தந்த ஈய லம்பம் அங்கிருந்ததைச் சொல்லக்கூடும். ஓவியங்களைச் சொல்வோர் அரியர். பேராக் மாநிலம் என்றால் ஈயமும் ரப்பரும், அவற்றுக்கு முன் வெறுங்காடு என்னும் எண்ணம் ஆழமாக வேரூன்றிவிட்டது. தமிழர் கப்பலேறி வந்த நாளே இந்நாட்டின் முதல் நாள் போலவும், அதற்கு முன்னே ஏதேனும் உண்டென்றால் அது சோழர் படை வந்து போன கதை மட்டுமே போலவும் பேசுவோர் உண்டு. தம்பூன் மலைச்சுவர் இவ்விரு எண்ணங்களையும் மறுக்கிறது.

கடல் தந்த கல்

ஓவியத்தைக் காணுமுன் அது எழுதப்பட்ட கல்லைக் காண்பது முறை. கிந்தாப் பள்ளத்தாக்கின் இம்மலைகள் நிலத்திற் பிறந்தவை அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் ஆழமில்லாத கடலாக இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளும் பவளங்களும் அடியிற் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. பின்னர் நிலம் உயர்ந்தது. கீழிருந்து உருகிய பாறை எழுந்து ஆறிக் கருங்கல் மலைத்தொடர் ஆயிற்று. கிழக்கே கேமரன் மலை வரை தெரியும் நீலத்தொடர் அதுவே. அக்கருங்கல்லோடு வந்ததுதான் ஈயம். மழையும் ஆறும் கருங்கல்லை அரித்து ஈய மணலைப் பள்ளத்தாக்கிற் கொண்டுவந்து கொட்டின.

சுண்ணாம்புக்கல்லின் இயல்பு வேறு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய புளிப்பு அடைகிறது. அந்நீர் இக்கல்லைக் கரைக்க வல்லது. ஆதலின் விரிசல் தோறும் நீர் புகுந்து குகையாக்கியது. அடிவாரத்தைத் தின்று, மேற்பகுதியைக் கூரைபோல் முன்தள்ளி நிற்க வைத்தது. கரைந்த சுண்ணாம்பே வேறோரிடத்தில் நீர் ஆவியாகும்போது மீண்டும் படிந்து, விழுதாகத் தொங்குகிறது. சுவரில் மெல்லிய ஆடை போலவும் படர்கிறது. இந்த ஆடைக்குப் பின்னால் ஒரு பயன் உண்டு. அதனை ஓவியத்தின் வயதைப் பேசும்போது காணலாம்.

குவா தம்பூன் என்று வழங்கினும் இவ்விடம் இருண்ட குகை அன்று. 'குவா' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் குகை என்பது பொருள். ஆனால் இங்கே இருப்பது மேலே கூரை கவிந்த திறந்த பாறை ஒதுக்கு. மதுரைப் பக்கத்து மக்கள் இத்தகையதைப் புடவு என்பர். வெளிச்சம் நன்றாக விழும். மழை நேரே விழாது. குடியிருக்கவும் வரையவும் இதனினும் நல்ல இடம் கிடைப்பது அரிது.

ராணுவத்தார் கண்ட ஓவியம்

1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்ததும், உணவுப் பங்கீடு கடுமையானதும் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் மறவாத செய்திகள். அக்காலத்தில் மலைச்சாரல்களிற் கம்யூனிஸ்டுப் போராளிகளைத் தேடிச் சென்ற படைகளுள் கூர்க்காப் படையும் ஒன்று. 1959ஆம் ஆண்டில், அப்படையைச் சேர்ந்த இரண்டாம் லெப்டினன்ட் ஆர். எல். ராலிங்ஸ் என்பார் குனோங் பாஞ்சாங் பகுதியில் ரோந்து சென்றபோது இவ்வோவியங்களைக் கண்டு வெளியிற் சொன்னார். அதே ஆண்டில் ஜே. எம். மாத்யூஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இவற்றைக் குறித்து எழுதினார். எதிரியைத் தேடிய கண்ணுக்கு மானும் ஆமையும் அகப்பட்டன.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் தற்செயலாகவே நேர்கின்றன. ஸ்பெயின் நாட்டு அல்டமிராக் குகையில் 1879இல் நிலத்தில் எலும்பும் கல்லும் தேடிக்கொண்டிருந்தார் மார்செலினோ சவுத்துவோலா. எட்டு வயதுச் சிறுமியான அவர் மகள் மரியா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள், கூரையில் காட்டெருதுகள். பிரான்சில் லாஸ்கோக் குகையை 1940இல் கண்டவர்கள் சிறுவர்கள். இந்தியாவில் பீம்பேட்கா ஓவியங்களை வி. எஸ். வாகங்கர் கண்டறிந்தது 1957இல். அதாவது தம்பூன் வெளிப்படுவதற்கு இரண்டே ஆண்டுகள் முன்னர்.

அல்டமிராவின் கதையில் ஆசிரியர்கள் கருத வேண்டிய பகுதி மற்றொன்று. சவுத்துவோலா தாம் கண்டதை 1880இல் வெளியிட்டபோது, பெரும் புலவர்கள் நம்பவில்லை. காட்டு மனிதர்க்கு இத்தகைய கலைத்திறம் வாயாது என்பது அவர்கள் துணிபு. போலி என்றும் பழித்தனர். அவர் 1888இல் மறைந்தார். மறுத்தவர்களுள் தலைவரான கார்ட்டயாக், 1902இல்தான் தம் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் உண்மையை மறைத்து நின்றது கல்வியின்மை அன்று. 'இவர்களுக்கு இது வராது' என்னும் செருக்கு. தம்பூனை அவ்வாறு எவரும் மறுக்கவில்லை. அதற்கு நேர்ந்தது வேறு: பார்த்தார்கள், எழுதினார்கள், பின்னர் நெடுங்காலம் கவனியாது விட்டார்கள்.

மாத்யூஸுக்குப் பின் 1980களில் பால் ஃபால்ஸ்டிக் என்பார் ஆராய்ந்தார். அதற்கும் பிறகு கால் நூற்றாண்டு கழிந்தே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நோயெல் ஹிடால்கோ டான், ஸ்டீஃபன் சியா ஆகியோர் ஒவ்வோர் உருவத்தையும் எண்ணிப் பதிவு செய்தனர். முன்னையோர் எண்ணியதைக் காட்டிலும் பன்மடங்கு உருவங்கள் தேறின. அறுநூறு என்னும் கணக்கு அவ்வாறு வந்ததே. சுவர் வளரவில்லை, பார்வை வளர்ந்தது. புகைப்படத்தின் நிற வேறுபாடுகளைக் கணினியால் மிகைப்படுத்திப் பார்த்தால், வெறுங்கண்ணுக்குக் கறைபோல் தோன்றுவது உருவமாகத் திரண்டு வரும். இதே டான் பின்னர்க் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிற் சுவர்களில் அம்முறையால் மறைந்த ஓவியங்களை வெளிப்படுத்தியதை 2014இல் உலகம் அறிந்தது.

சுவரில் உள்ளவை

சிவப்பே பெரும்பான்மை, அதுவும் ஒரே சிவப்பு அன்று. ஆரஞ்சு சாயலும், ஊதா கலந்த கருஞ்சிவப்பும் உண்டு. இந்நிறத்தைத் தருவது இரும்பு கலந்த காவிக்கல். தமிழ்நாட்டில் வீட்டு வாசலில் கோலத்தின் கரையாகவும், கோயில் மதிலில் வெள்ளைக்கு மாற்றாகவும் தீட்டும் அதே காவிதான். அதனைப் பொடித்து நீரிலோ வேறு பசையிலோ குழைத்துப் பாறையில் இட்டால், நுண்துகள்கள் கல்லின் கண்களிற் புகுந்து பற்றிக்கொள்ளும். இலைச்சாற்று நிறம் ஓரிரு மழையில் வெளுக்கும். காவி அப்படியன்று, அது முன்னரே துருப்பிடித்த இரும்பு, மேலும் மாறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆயிரம் ஆண்டுகள் நிற்பதன் இரகசியம் அவ்வளவே.

சித்தன்னவாசலைப் பார்த்தவர்கள் ஒரு வேறுபாட்டை உடனே உணர்வர். அங்கே பாறைமேல் சுண்ணச்சாந்து பூசி, மெருகிட்டு, அதன்மேல் தாமரைக் குளமும் ஆடல்மகளும் வரையப்பட்டனர். அந்த அறக்கோயிலைப் புதுக்கியவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உரைக்கிறது. பெயர் உண்டு, அரசன் உண்டு, சமயம் உண்டு. தம்பூனில் சாந்து இல்லை. கல்லின் மேல் நேரே காவி. பெயரும் இல்லை. தமிழகத்தில் இதற்கு உறவு தேடினால் விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலைப் பாறை ஓவியங்களையே ஒருவாறு அருகில் வைத்துப் பார்க்கலாம். அவையும் செங்காவியில் ஆனவை. இதனால் கீழ்வாலையார் தம்பூனுக்கு வந்தார் என்று எவரும் எழுதப் புறப்படலாகாது. காவிக்கல் எங்கும் கிடைக்கும். விரலும் எங்கும் உண்டு.

விலங்குகளுள் மானைத் தெளிவாக அறியலாம். காட்டுப்பன்றி என்றும், இந்நாட்டுக் காட்டில் வாழும் கறுப்பும் வெள்ளையுமான தாப்பீர் என்றும் சிலவற்றை ஆராய்ச்சியாளர் கொள்வர். ஆமை உண்டு. வியப்பைத் தருவது, 'டூயோங்' என்று மலாயிலும் கடற்பசு, ஆவுளியா என்று தமிழிலும் வழங்கும் உயிரினமாகக் கருதப்படும் உருவம். அது கடலில் புல் மேய்வது. ஆற்றிலோ மலையிலோ வாழ்வதன்று. இன்றைய கடற்கரை தம்பூனுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தீபகற்பத்தைச் சுற்றிய கடல்மட்டம் இன்றையதைவிடச் சில மீட்டர் உயர்ந்து, கடலோரச் சதுப்பு உள்நாட்டிற்குள் புகுந்திருந்தது. அப்போதும் கடல் ஈப்போவரை வந்ததில்லை. ஆகவே அவ்வுருவம் கடற்பசுவே எனின், வரைந்தவன் கடலைக் கண்டு வந்தவனாதல் வேண்டும். அல்லது கண்டு வந்தவன் வாயிற் கேட்டவனாதல் வேண்டும். மலைக்காட்டு வேட்டுவர் மலையைத் தவிர வேறறியார் என்று எழுதுவோர்க்கு இந்த ஓர் உருவமே விடை.

மனித உருவங்கள் எளியவை. முகம் இல்லை, கண் இல்லை. உடலும் கைகால்களும் மட்டும். விலங்கிற் காட்டிய கவனத்தை மனிதனிற் காட்டவில்லை. அல்டமிராவிலும் லாஸ்கோவிலும் அவ்வாறே. மனிதன் தன்னைத்தானே வியந்து வரையத் தொடங்கியது மிகப் பிற்காலத்தில் போலும்.

மற்றொரு செய்தி, நேரிற் சென்றால் ஒழிய விளங்காதது. ஓவியங்களிற் பல, நிற்கும் ஒருவன் கைக்கு எட்டும் உயரத்தில் இல்லை. அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கின்றன. மூங்கிற் சாரம் கட்டினரோ, அன்று இருந்த பாறைத் திட்டு ஒன்று பின்னர் இடிந்து விழுந்ததோ, இரண்டும் இயலும். பொழுதுபோக்காகக் கிறுக்கியவன் இத்தனை உயரம் ஏறியிருக்கமாட்டான் என்பது மட்டும் உறுதி.

வயதும் உரிமையும்

இவை புதிய கற்காலத்தைச் சேர்ந்தவை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. பாணியையும் பிற இடங்களின் ஒப்பீட்டையும் கொண்டு சொன்னது அது; ஓவியத்தையே அளந்து சொன்னதன்று. காரணம் எளிது. கரியால் வரைந்ததெனின் அதில் ஒருகாலத்தில் உயிரோடிருந்த மரத்தின் கரிமம் இருக்கும். அதன் சிதைவை அளந்து ஆண்டு சொல்லலாம். காவியில் கரிமம் இல்லை. அது வெறும் கல். ஆண்டு எழுதாத கல்லிடம் ஆண்டு கேட்பது எப்படி?

முன்னே சொன்ன சுண்ணாம்பு ஆடை இங்கே உதவுகிறது. ஓவியத்தின்மேல் நீர் வழிந்து படிந்த சுண்ணாம்புப் படலத்தில் மிகச் சிறிதளவு யுரேனியம் இருக்கும். அது காலப்போக்கில் தோரியமாக மாறும் கணக்கைக் கொண்டு படலத்தின் வயதைச் சொல்லலாம். அடியில் உள்ள ஓவியம் அதனினும் மூத்ததாதல் வேண்டும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இம்முறையால் ஒரு பன்றி ஓவியத்துக்கு 45,500 ஆண்டு என 2021இலும், மற்றோர் ஓவியத்துக்கு 51,200 ஆண்டு என 2024இலும் வயது கண்டனர். ஐரோப்பாவே ஓவியத்தின் தாய்வீடு என்று பல்லாண்டு எழுதிய நூல்களைத் திருத்தியவை இம்மலாய்த் தீவுக் குகைகள். அவையும் சுண்ணாம்புக்கல் குகைகளே. தம்பூனுக்கு அத்துணைப் பழமையை எவரும் உரிமை கோரவில்லை, கோரவும் வேண்டியதில்லை.

இனி, வரைந்தவர் யார்? ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் தமிழ் வேர் தேடும் பழக்கம் உடையோர்க்குத் தம்பூன் என்னும் பெயர் நல்ல விருந்து. தம் பூண், தாம் பூண் என்று பிரிக்கத் தொடங்கினால் மாலைக்குள் ஒரு கட்டுரை ஆகிவிடும். இந்த விளையாட்டு தமிழுக்குப் பெருமை தராது. தென்கிழக்காசியாவில் தமிழரின் தடம் உண்மையாகவே உண்டு. அதற்குக் கல் சான்று இருக்கிறது. தென் தாய்லாந்தில் குளோங் தோம் என்னுமிடத்தில் கிடைத்த, பொன் உரைக்கும் சிறு கல்லில் அது பெரும்பத்தன் என்பானுடையது என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது, காலம் கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு. அதே நாட்டுத் தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்து வணிகரையும் குறிக்கிறது. சுமத்திராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. 1025 அளவில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் படை செலுத்தியது தஞ்சைக் கல்வெட்டில் உள்ளது. இத்தனையும் கையில் இருக்க, இல்லாத இடத்தில் ஏன் தேட வேண்டும்?

பேராக்கிலும் இந்தியத் தொடர்புக்குச் சான்று இல்லாமற் போகவில்லை. மாத்தாங் கடற்கரைச் சதுப்புநிலத்தில் கோலா செலின்சிங் என்னுமிடத்தை ஐ. எச். என். ஈவன்ஸ் அகழ்ந்தபோது மணிகளும் மட்கலங்களும் கிடைத்தன. செந்நிற மணிக்கல்லில் வெட்டிய முத்திரை ஒன்றில் 'ஸ்ரீ விஷ்ணுவர்மன்' என்பானின் பெயர் தென்னிந்திய வரிவடிவை ஒத்த எழுத்தில், வடமொழியில் இருந்தது. பீடோர் ஈயச் சுரங்கத்தில் 1936இல் எட்டுக் கைகளுடைய அவலோகிதேசுவரர் வெண்கலப் படிமம் வெளிப்பட்டது. அது கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. ஈப்போவை அடுத்த பெங்காலானிலும் 1930களில் ஈயம் தோண்டியோர் வெண்கலப் புத்தர் படிமத்தைக் கண்டனர். இவற்றை இவ்விடத்திற்கு ஈர்த்தது ஈயமே ஆகலாம். பழைய பித்தளைப் பாத்திரத்துக்குக் 'கலாய்' பூசுதல் என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. உருது வழியாக வந்த அச்சொல், அரபு வணிகர் ஈயம் வாங்கிய 'கலாஹ்' என்னும் இத்தீபகற்பத் துறைமுகத்தின் பெயரால் ஆனது என்று அறிஞர் சிலர் கருதுவர். அப்படியாயின் தமிழ்ப் பெண்களின் அடுக்களையில் இந்நாட்டுப் பெயர் ஒன்று நெடுநாள் இருந்து வந்திருக்கிறது.

ஆனால் தம்பூன் ஓவியங்கள் இக்கப்பல்கள் எவையும் வராத காலத்து மனப்பாங்கைச் சார்ந்தவை. அதில் தெய்வப் படிமம் இல்லை, எழுத்து இல்லை, அரசன் இல்லை. பேராக்கின் லெங்கோங்கில் குனோங் ருந்துக் குகையில் 1991இல் ஜுராய்னா மஜித் தலைமையிலான குழு அகழ்ந்தெடுத்த 'பேராக் மனிதன்' ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுக்கு முற்பட்டவன். அப்பள்ளத்தாக்கு 2012இல் உலக மரபிடமாயிற்று. அதே லெங்கோங்கில் குவா பாடாக் என்னுமிடத்தில் காட்டு மக்கள் கரியால் வரைந்த உருவங்களை ஈவன்ஸ் 1920களில் பதிவு செய்தார். அவை அக்காலத்திலேயே வரையப்பட்டவை. மலைச்சுவரில் வரையும் பழக்கம் ஒராங் அஸ்லி மக்களிடையே நம் காலத்துக்கு அண்மைவரை உயிரோடிருந்தது என்பதற்கு இது போதும். தம்பூன் ஓவியனின் நேர் வழியினர் இன்றைய செமாய் மக்களே என்று துணிந்து சொல்ல முடியாது. அவனை அறிய வேண்டின் முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஈப்போ என்னும் பெயரும் இதையே சொல்லும். அது ஒரு மரத்தின் பெயர். அதன் பாலை எடுத்து, ஊதுகுழலில் வைக்கும் முள்ளம்பின் நுனியில் நஞ்சாகத் தடவி, ஒராங் அஸ்லி மக்கள் வேட்டையாடினர். ஈய நகரம், கோடீசுவரர் நகரம் என்று புகழ்பெற்ற ஊர், வேட்டுவன் அம்பின் நஞ்சைத் தன் பெயராகச் சுமந்து நிற்கிறது. ரயில் நிலையத்தின் எதிரே அம்மரம் ஒன்று நிற்கக் காணலாம்.

அழிவின் கணக்கு

ஈயமே கிந்தாவின் பழம்பொருள்களை வெளிக்கொணர்ந்தது. ஈயமே அவற்றை அழித்தது. நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்த லம்பங்களும், வாளித்தொடரால் நிலத்தை வாரிய ஈயக் கப்பல்களும், எத்தனை மட்கலங்களையும் எலும்புகளையும் சேறாக்கின என்பதற்குக் கணக்கே இல்லை. வெண்கலம் கனமாகையால் தப்பியது. 1985இல் ஈய விலை வீழ்ந்து லம்பங்கள் மூடின. பின்னர் மலைகளின் முறை வந்தது. சிமெண்டுக்கும் சாலைக்கும் பளிங்குக்கும் சுண்ணாம்புக்கல் வேண்டும். வெடி வைத்துப் பாதி அறுத்த மலைகளை நெடுஞ்சாலையிற் செல்வோர் இருபுறமும் காண்கின்றனர். குவா பாடாக் இருந்த மலையையும் கல்லுடைப்பு விட்டுவைக்கவில்லை. இயற்கையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்: குனோங் சீரோவின் ஒரு பெரும்பகுதி 1973இல் சரிந்து அடிவாரக் குடிகளை நசுக்கியதில் பலர் உயிரிழந்தனர்.

மலைச்சுவர் முழுமையும் காத்து வைக்கப்பட்டால் அதில் என்ன வளரும் என்பதற்கும் அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. குனோங் தாசேக்கில் 1926இல் சீனத்திலிருந்து வந்த சோங் சென் யீ என்னும் துறவி அமைத்த பேராக் தோங் குகைக்கோயிலில், பாறைச் சுவர்களிலே வண்ண ஓவியங்களும் தூரிகை எழுத்துகளும் நிறைந்துள்ளன. இடையிலே பல ஆயிரம் ஆண்டுகள், கல் ஒன்றே. பேராக் தோங்கைக் காணும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கேனும் தம்பூனுக்குச் செல்வதாகத் தெரியவில்லை.

கூட்டம் வராததும் ஒருவகையில் நன்மையே என்று வாதிடுவோர் உளர். லாஸ்கோக் குகையில் வந்தோர் மூச்சின் ஈரமும் வெப்பமும் சுவரிற் பாசியை வளர்த்தமையால் 1963இல் அதனைப் பொதுமக்களுக்கு மூடினர். பின்னர் 1983இல் அருகே ஒரு போலிக் குகையை அமைத்துக் காட்டினர். தம்பூனுக்கு மூச்சினால் அபாயம் இல்லை. அது திறந்த வெளி. அபாயம் கையிலிருந்து வருகிறது. எட்டும் உயரத்தில் வண்ணப் புட்டியால் பெயரும் இதயமும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிந்தாப் பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பலகையும் படிக்கட்டும் ஓரளவே காக்கும். எவரும் வந்து பாராத இடத்தில்தான் கிறுக்குவோர்க்குத் துணிவு பிறக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும் சுவரில் அவ்வளவு எளிதாகக் கை வைக்க முடியாது. ஆதலின் மேற்சொன்ன வாதம் இவ்வூருக்குப் பொருந்தாது.

மாணவரை அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்க்குச் சில குறிப்புகள் பயன்படும். ஓவியங்கள் உயரத்தில் இருத்தலின் தொலைநோக்கி ஒன்று வேண்டும். நல்ல வெளிச்சம் உள்ள வேளையைத் தெரிந்துகொள்வது நலம். சுவரைத் தொடவோ, நிறம் தெளிவதற்காக நீர் தெளிக்கவோ விடலாகாது. நீர் காவியையும் அதன்மேற் படிந்த சுண்ணாம்பையும் ஒருங்கே கெடுக்கும். முன்னரே ஒரு காவிக்கல்லைப் பொடித்து, நீரிற் குழைத்து, வகுப்பில் ஒரு கருங்கல் துண்டின்மேல் விரலால் மான் ஒன்று வரையச் சொல்லலாம். அதைச் செய்து பார்த்த பிள்ளைக்குச் சுவர் முதலில் வெறுமையாகவே தோன்றும். சற்று நேரம் கழித்து, கறை என்று எண்ணிய இடத்தில் ஒரு கால் தெரியும், பிறகு முதுகு, பிறகு கொம்பு.